எட்டு மாதமா, பத்தொன்பது மாதமா?

சென்ற ஆண்டு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு பெரிய ஆங்கில நாவலைப் படிக்க உட்கார்ந்து, ஐந்தாவது வாரத்தில் ஆளுக்கொரு திசையில் கலைந்தோம். நாவல், சார்லஸ் டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்'. திட்டம், நாளுக்கு ஓர் அத்தியாயம். 67 அத்தியாயம், 67 நாள் என்று கணக்குப் போட்டபோது எல்லாருக்கும் சுலபமாகத்தான் தெரிந்தது. மூன்றாவது வாரமே வாட்ஸ்அப் குழுவில் குரல் மாறிவிட்டது. "அண்ணே, யாரும் கதையைச் சொல்லிடாதீங்க, நான் இன்னும் பதினொண்ணுலதான் நிக்கிறேன்" என்றார் ஒரு தம்பி. இன்னொருவர் மொத்தப் புத்தகத்தையும் முடித்துவிட்டு வாயை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் கையில் இருந்தது சுருக்கப் பதிப்பு என்பது நான்காவது வாரம்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நமக்கு வைப்பார்களே நான்-டீடெயில், அந்த அளவு. நாங்கள் லண்டன் மூடுபனியில் நாலு பக்கம் தடவிக்கொண்டிருந்தபோது அவருக்கு மட்டும் எப்படி வழி தெரிந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

வருகிற ஜூனில் மறுபடி தொடங்குகிறோம். ஒருவர் விலகிவிட்டார், ஐந்து பேர். எதைப் படிப்பது, எந்த வேகத்தில், எந்தப் பதிப்பில் என்று முடிவெடுத்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. போட்டியில் நான்கு நாவல்கள்: ஆந்தனி ட்ரோலப்பின் 'தி வே வி லிவ் நவ்', தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்', பழைய பாக்கியான 'ப்ளீக் ஹவுஸ்', ஆண் பெயரில் எழுதிய பெண்ணான ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்'. நான்கையும் தனியாக ஒரு முறையாவது முடித்திருக்கிறேன். தனியாகப் படிக்க எது சிறந்தது என்று கேட்டால் என் பதில் வேறு. சேர்ந்து, மெதுவாக என்பது வேறு கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாவல்களில் எதுவும் ஒரே மூச்சில் படிக்க எழுதப்பட்டதல்ல. அந்தக் காலத்தில் மூன்று பாகமாக அட்டை கட்டி வரும் நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரணக் குடும்பம் அதை வாங்காது. மூடீஸ் போன்ற சந்தா நூலகத்தில் இரவல் எடுக்கும். அதற்கு மாற்றாக வந்ததுதான் மாத இதழ் முறை. மாதம் ஒரு ஷில்லிங். மெல்லிய காகித அட்டை. 32 பக்கம் கதை, இரண்டு படம், முன்னும் பின்னும் விளம்பரம். மொத்தம் இருபது பகுதி. கடைசி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு ஷில்லிங்குக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் 19 மாதம்.

தொடர்கதையில் வளர்ந்த நமக்கு இது அந்நியமில்லை. 1893 முதல் 1895 வரை ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 'விவேக சிந்தாமணி'யில் மாதாமாதம் வந்தபோது இங்கிலாந்தில் விக்டோரியா ராணிதான் ஆண்டுகொண்டிருந்தார். 1950-களில் 'பொன்னியின் செல்வ'னைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து பரணில் வைத்த வீடுகள் எத்தனை! இரண்டு இதழ்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் வாசகர் என்ன செய்கிறார் என்பதில்தான் தொடர்கதையின் உயிர் இருக்கிறது. அதனால் நான்கு நாவல்களையும் அந்த இடைவெளியை வைத்தே எடைபோட்டேன். புத்தகத்தை மூடிவைத்த நாட்களில் ஐந்து பேரும் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்?

ட்ரோலப்பை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டேன், வருத்தத்தோடுதான். 1874 பிப்ரவரி முதல் 1875 செப்டம்பர் வரை இருபது இதழ்கள், சரியாக நூறு அத்தியாயம், இதழுக்கு ஐந்து. அட்டவணை போடுகிறவருக்கு இதைவிட வசதியான நாவல் கிடைக்காது. மெல்மாட் என்கிற பெரும் பணக்காரர் எங்கிருந்தோ லண்டனுக்கு வருகிறார். சால்ட் லேக் சிட்டியிலிருந்து மெக்ஸிகோவின் வேரா குரூஸ் வரை ரயில் போடப்போவதாக ஒரு கம்பெனி. ரயில் வருகிறதோ இல்லையோ பங்கு விலை ஏறுகிறது. சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டு இழந்த எவருக்கும் இந்தக் கதை புரியும். சிக்கல் என்னவென்றால், ட்ரோலப் எதையும் ஒளித்துவைப்பதில்லை. கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியவர் அவர். தம் சுயசரிதையில் அவரே சொல்கிறார். அந்த ஓட்டத்திலேயே படித்தால்தான் அவர் ருசிப்பார். வாரம் ஒரு கரண்டி என்று பரிமாறினால் ஆறிப்போன சாம்பார்தான். யாராவது நீண்ட ரயில் பயணம் போனால் இதைக் கொண்டுபோகட்டும்.

'வேனிட்டி ஃபேர்' விஷயத்தில் எனக்கு ஒரு சொந்த பலவீனம் உண்டு. தாக்கரே 1811-ல் கல்கத்தாவில் பிறந்தவர்; தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். நாவலில் அந்த வாசனை அடிக்கடி வருகிறது. மூன்றாவது அத்தியாயத்தில், வங்காளத்தில் கலெக்டராக இருந்து ஊர் திரும்பிய ஜாஸ் செட்லியின் வீட்டுச் சாப்பாட்டில், கதையின் சாமர்த்தியக்கார நாயகி பெக்கி ஷார்ப் காரக் கறியைத் தின்று கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருக்கிறாள். 'சில்லி' என்று ஒன்றை நீட்டுகிறார்கள். பெயரைக் கேட்டுக் குளிர்ச்சியான ஏதோ என்று நினைத்து அதையும் கடித்துவிடுகிறாள். பச்சை மிளகாய்! நாற்பதாவது அத்தியாயங்களில் ஓரிடத்தில் கதாசிரியர் வாசகரைக் கையைப் பிடித்துப் பத்தாயிரம் மைல் இழுத்துக்கொண்டு வந்து மெட்ராஸ் ராஜதானியின் ஒரு ராணுவ முகாமில் நிறுத்துகிறார். பந்தல்கஞ்ச் என்று ஊருக்கு ஒரு கற்பனைப் பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பெயரில் எந்த ஊரும் நம் பக்கம் இருக்க முடியாது என்பது வேறு விஷயம். மேஜர் டாபின் அங்கிருந்து ஊர் திரும்ப ஏறும் கப்பலுக்கு 'ராம்சந்தர்' என்று பெயர்.

1847 ஜனவரியில் தொடங்கி 1848 ஜூலையில் முடிந்த இந்த நாவலுக்குப் படங்களையும் தாக்கரேயே வரைந்தார். பதிப்பு வாங்கினால் படங்களோடு வாங்க வேண்டும். சில இடங்களில் எழுத்து சொல்லாமல் விட்டதைப் படம் காட்டிக்கொடுக்கும். இத்தனை இருந்தும் ஏன் இது இல்லை? பெக்கிதான் காரணம். முதல் அத்தியாய முடிவில் அவள் வண்டி ஜன்னல் வழியாக அகராதியை வீசி எறிந்த கணமே குழு இரண்டாகிவிடும்: பெக்கி கட்சி, அவளுடைய சாதுவான தோழி அமேலியா கட்சி. ஒரு வருஷம் கழித்தும் அதே இரண்டு கட்சிகள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். சண்டை உண்டு, சண்டை நகராது. பெக்கி கண்ணில் படாத அத்தியாயங்களில் எல்லாரும் கடிகாரம் பார்ப்பார்கள். மேற்கிந்தியத் தீவுச் செல்வத்தின் வாரிசாக வரும் மிஸ் ஸ்வார்ட்ஸை நாவல் கேலி செய்கிற விதம் இன்று படிக்கக் கசக்கும். அதைப் பேசாமல் தாண்டக்கூடாது, பேசினால் அந்த மாதம் முழுக்க அதுவே ஓடும். அது தவறல்ல. ஆனால் அதற்குத் தயாராக உட்காருகிற குழு வேண்டும்.

ஆக, மிஞ்சியவை இரண்டு.

'ப்ளீக் ஹவுஸ்' தோற்றதற்கு 'ப்ளீக் ஹவுஸ்' காரணமில்லை என்று நான் இன்றும் நம்புகிறேன். 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை வந்தது. ஹேப்லட் நைட் பிரவுன், 'ஃபிஸ்' என்கிற பெயரில் படம் போட்டவர். இரண்டு குரல்கள் மாறி மாறிக் கதை சொல்கின்றன. ஒன்று, எல்லாம் தெரிந்த குரல், நிகழ்காலத்திலேயே பேசும், கோபம், கிண்டல், உயரத்திலிருந்து லண்டனைப் பார்க்கும் பார்வை. மற்றது எஸ்தர் என்கிற பெண், நடந்து முடிந்ததை நிதானமாக நினைவுகூர்வது. ஜார்ண்டைஸ் எதிர் ஜார்ண்டைஸ் என்று ஒரு வழக்கு, எத்தனை தலைமுறையாக நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எதற்காக என்பதும் மறந்துவிட்டது. சொத்தெல்லாம் வக்கீல் செலவிலேயே கரைகிறது. சிவில் கோர்ட் படிக்கட்டில் உட்கார்ந்து பழகிய குடும்பத்துக்கு முன்னுரை தேவையில்லை.

சத்தமாகப் படிக்க இதற்கு இணை கிடையாது. 'லண்டன்' என்று ஒற்றைச் சொல் வாக்கியத்தில் தொடங்கி, சேறு, பனி, இன்னும் பனி, பனிக்கு நடுவே நீதிமன்றத்தில் நீதிபதி என்று ஏறிக்கொண்டே போகும் அந்த முதல் பக்கங்களில் பல வாக்கியங்களுக்கு வினைமுற்றே கிடையாது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டால் போதும். இதழ் முடிவுகளோ நம் வார இதழ் ஆசிரியர்கள் பாடம் கேட்க வேண்டிய இடங்கள். மூன்றாவது இதழ் பத்தாவது அத்தியாயத்தோடு முடிகிறது: ஒரு வக்கீல் ஒரு மாடி அறைக்குள் மெழுகுவத்தியோடு நுழைகிறார், கட்டிலில் ஒருவன் கிடக்கிறான், கூப்பிடுகிறார், விளக்கு அணைகிறது. அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான். 1852 டிசம்பர் இதழின் முடிவில் ஒரு மனிதர் தானாகவே பற்றி எரிந்து சாம்பலாகிறார். அறிவியலுக்குப் புறம்பான புளுகு என்று ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் பத்திரிகையில் எழுத, டிக்கன்ஸ் விடாமல் நூல் முன்னுரை வரை சண்டைக்கு நின்றார். இந்த லூயிஸ்தான் பிற்பாடு ஜார்ஜ் எலியட்டின் வாழ்க்கைத் துணை. என் இரண்டு இறுதிப் போட்டியாளர்களுக்கும் இவர் பொது உறவு என்பது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆனால் அந்த இதழ் முடிவுகளேதான் எங்களைக் கவிழ்த்தன. 'ப்ளீக் ஹவுஸ்' படிக்கையில் இடைவெளி முழுக்க ஒரே கேள்வி: அடுத்து என்ன? இந்தக் கேள்வி ஒருவரைத் தனியாக அடுத்த அத்தியாயத்துக்குத் துரத்தும். போய்விட்டவர் குழுவுக்குள் வெடிகுண்டு. அவர் புன்னகைத்தால்கூட அது துப்பு. பின்தங்கியவரோ காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முந்தியவரும் பிந்தியவரும் ஒரே திண்ணையில் உட்கார முடியாத புத்தகம் அது. 1852-ல் இந்தப் பிரச்சினை இல்லை. அடுத்த இதழ் அச்சிலேயே ஏறியிருக்காது, யாரும் முந்த முடியாது. இன்று மொத்தப் புத்தகமும் கையில் இருக்கிறது.

இன்னொன்று, துப்பறியும் நாவலுக்கு நினைவு வேண்டும். இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு சட்டக் காகிதத்தின் கையெழுத்தைப் பார்த்து லேடி டெட்லாக் போகிற போக்கில் 'இதை யார் எழுதியது?' என்று ஒரு கேள்வி கேட்கிறாள். முழு நாவலும் அந்தக் கேள்வியில் தொங்குகிறது. 19 மாதத்துக்கு நீட்டினால், முடிச்சு அவிழும்போது முடிச்சு போட்டது யாருக்கும் ஞாபகம் இருக்காது. டிக்கன்ஸின் வாசகர்கள் ஞாபகம் வைத்திருந்தார்களே என்று கேட்கலாம். அவர்கள் மாதம் முழுக்க அந்த 32 பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள். கையில் வேறு திரை கிடையாது.

'மிடில்மார்ச்' இதில் எப்படி வேறுபடுகிறது என்பதற்கு ஒரே ஓர் இடத்தைக் காட்டுகிறேன். டொரோத்தியா பத்தொன்பது, இருபது வயதுப் பெண். பெரிய காரியம் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிப்பவள். கசாபன் என்கிற நடுவயது கடந்த படிப்பாளிப் பாதிரியாரை விரும்பி மணக்கிறாள். உலகத்துப் புராணங்களுக்கெல்லாம் ஒரே திறவுகோல் என்று முடிவே இல்லாத ஆராய்ச்சி அவருடையது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. அவர் ரத்தத்தில் ஒரு துளியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்களாம், முழுக்க அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகத்தான் இருந்ததாம் என்கிறாள் மிசஸ் கட்வாலடர். நாமும் சிரிக்கிறோம். தேன்நிலவுக்குப் போன ரோமில் டொரோத்தியா தனியாக உட்கார்ந்து அழுகிறாள். கசாபன் மீது நமக்கு ஆத்திரமே வருகிறது. இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு 29-வது அத்தியாயம் வருகிறது. 'ஒரு நாள் காலை டொரோத்தியா' என்று தொடங்குகிற ஆசிரியர், வாக்கியத்தை நடுவில் உடைத்து, ஏன் எப்போதும் டொரோத்தியா, இந்தக் கல்யாணத்தில் அவள் பக்கம் ஒன்றுதான் பக்கமா என்று கேட்டுவிட்டு, கசாபனின் நெஞ்சுக்குள் நம்மை இறக்குகிறார்.

ஒரே வாரத்தில் நாவலை முடிக்கிறவருக்கு இது ஒரு சாமர்த்தியமான திருப்பம், அவ்வளவுதான். இரண்டு மாதமாகக் கூட்டந்தோறும் ஐந்து பேராக உட்கார்ந்து அந்த மனிதரைக் கிழித்துத் தொங்கவிட்ட குழுவுக்கு அது கன்னத்தில் அறை. தாம் சொன்னதையெல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். மெதுவாகப் படித்தவருக்குத்தான் அந்த அறை முழுதாகக் கிடைக்கும். முந்திப் படித்தவர் கசாபனுக்கு என்ன ஆகிறது என்று போட்டு உடைத்தாலும் இந்த இடத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. 'அடுத்து என்ன' என்று இந்த நாவல் அதிகம் கேட்பதில்லை. 'யார் பக்கம் நியாயம்' என்று கேட்கிறது, பதிலை மாதாமாதம் மாற்றிவைக்கிறது. முந்தியவரும் பிந்தியவரும் இங்கே ஒன்றாக உட்காரலாம்.

இடைவெளிகளையும் அதுவே கச்சிதமாகக் கொடுத்திருக்கிறது. வழக்கமான மூன்று பாகத்துக்குள் அடங்காத அளவுக்கு நாவல் பெருத்துப்போக, எட்டுப் புத்தகமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 5 ஷில்லிங், இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வெளியிடும் யோசனையைச் சொன்னவர் லூயிஸ்தான். பிளாக்வுட் பதிப்பகம் 1871 டிசம்பரில் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்தது; கடைசியில் இடைவெளியைக் குறைத்து 1872 டிசம்பரில் முடித்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைப்பு உண்டு: 'முதியோரும் இளையோரும்', 'சாவுக்குக் காத்திருத்தல்', 'மூன்று காதல் சிக்கல்கள்', 'செத்தவன் கை' என்கிற மாதிரி. தலைப்பையே அந்த மாதத்து விவாதப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். யார் சாவுக்கு யார் காத்திருக்கிறார்கள் என்பதில் தொடங்கினால் மூன்றாவது புத்தகக் கூட்டம் இரவு பத்து மணிக்கும் முடியாது.

குறைகளை மறைக்க மாட்டேன். வாக்கியங்கள் நீளம், நடுநடுவே ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு நம்மோடு பேசுவார், அத்தியாயத் தலையில் மேற்கோள்கள், அதில் பல எங்கிருந்து என்று தேடினால் கிடைக்காது, அவரே எழுதிச் செருகியவை. முதல் மாதத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. எலியட் 1869-ல் ஒரு சிற்றூரையும் ஒரு இளம் டாக்டரையும் பற்றித் தொடங்கிய நாவல் வேறு. அடுத்த ஆண்டு 'மிஸ் புரூக்' என்று தொடங்கிய கதை வேறு. பிறகு இரண்டையும் ஒட்டினார். ஒட்டுப்போட்ட இடம் பத்து, பதினோராவது அத்தியாயங்களில் தெரியும். டொரோத்தியாவோடு சௌகரியமாக உட்கார்ந்திருந்த வாசகர் சட்டென்று டாக்டர் லிட்கேட், வின்சி வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாத மனிதர்கள் நடுவில் நிற்பார். 'புத்தகம் மாறிப்போச்சா?' என்று கேட்பார். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பதற மாட்டார்கள். டாக்டர் கதைதான் போகப்போக நெஞ்சைப் பிழியப்போகிறது.

வேகத்துக்கு வருகிறேன். மூன்று வழிகள் பேசப்பட்டன. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்றால் 86 அத்தியாயமும் முடிவுரையும் மூன்று மாதத்துக்குள் முடியும். அது ஏற்கெனவே எங்களைக் கொன்ற வழி. மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் மூன்று அத்தியாயக் கடன், கடன் ஏறினால் ஆள் தலைமறைவு. வாரம் ஓர் அத்தியாயம் என்றால் இருபது மாதம். பக்தி இருந்தால் சரி. மூன்றாவது, புத்தகத்தின் சொந்தப் பிரிவுப்படி நான்கு வாரத்துக்கு ஒரு புத்தகம். மொத்தம் ஏறத்தாழ 3 லட்சத்து 16 ஆயிரம் சொற்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத நாம் நிதானமாக நிமிஷத்துக்கு 150 சொல் படித்தால் 35 மணி நேரம். 32 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வாரம் ஒரு சினிமா நேரம்கூட இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் மாதம் ஒரே கூட்டம் வைத்தால் எல்லாரும் கடைசி இரண்டு இரவில்தான் படிப்பார்கள், பரீட்சைக்குப் படிப்பது மாதிரி. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, பாதிப் புத்தகம். முதல் புத்தகம் 12 அத்தியாயம், அப்படியே இரண்டாக வெட்டலாம். நாலாவதும் ஆறாவதும் ஒன்பது ஒன்பது; லேசானவை. எட்டாவது கனமானது, 72-லிருந்து 86 வரை, அதன் மேல் முடிவுரை. அதற்கு மட்டும் ஆறு வாரம். ஜூன் முதல் ஞாயிறு தொடங்கி, தீபாவளிக்கு இரண்டு வாரம் விட்டுக்கொடுத்தால், பொங்கல் கழிந்து பிப்ரவரிக்குள் முடியும். பிளஸ் டூ பிள்ளை இருக்கிறவர்கள் மார்ச்சைத் தொடாத அட்டவணை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், கிடைத்துவிட்டது.

பதிப்பு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரோஸ்மேரி ஆஷ்டன் பதிப்பித்த பெங்குவின், டேவிட் கரோல் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு, இரண்டிலும் குறிப்புகள் நன்று. குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதிலும் மூலம் முழுதாக இருக்கிறது, குறிப்புகள்தான் இருக்காது; ஐந்தில் இரண்டு பேர் கையில் குறிப்புள்ள பதிப்பு இருந்தால் மற்றவர்களுக்கு இலவசம் போதும். ஆளுக்கொரு பதிப்பு இருக்கலாம், பக்க எண் சொல்லாமல் அத்தியாய எண் மட்டும் சொல்ல வேண்டும். நடைபாதைக் கடையில் வாங்குகிறவர் அட்டையின் மூலையில் 'சுருக்கம்' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். யாருக்குச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்.

ஒரே கட்டளை: ஆய்வாளர் முன்னுரையைக் கடைசியில் படிக்க வேண்டும். முதல் பத்துப் பக்கத்திலேயே யார் சாகிறார், யார் யாரை மணக்கிறார் என்று போட்டு உடைக்காத முன்னுரையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆசிரியரே எழுதிய 'பிரிலூட்' அப்படியல்ல. ஒன்றரைப் பக்கம்தான், அவிலாவின் புனித தெரசாவைப் பற்றியது. அதைச் சேர்ந்து வாசிப்போம், புரியாவிட்டால் எட்டு மாதம் கழித்துத் திரும்புவோம்.

ஒலிநூலும் உண்டு. ஜூலியட் ஸ்டீவன்சன் வாசித்த 'மிடில்மார்ச்' 35 மணி நேரத்துக்கு மேல். நம் கணக்கும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். பேருந்தில் போகிறவர் கேட்கட்டும், ஏமாற்று வேலை என்று யாரும் சொல்லக்கூடாது. பி.பி.சி. தொடர்கள் இரண்டு நாவலுக்கும் இருக்கின்றன, இரண்டுக்கும் திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ்: 'மிடில்மார்ச்' 1994, 'ப்ளீக் ஹவுஸ்' 2005. பின்னது அருமை, அரைமணி அத்தியாயங்களாக வெட்டி டிக்கன்ஸை மறுபடி தொடர்கதையாக்கிவிட்டார்கள். முன்னதை முடித்த பிறகு பாருங்கள். கசாபன் முகம் ஒருமுறை மனதில் பதிந்தால் போகாது.

தயாரிப்புக்கு ஒரு தாள் போதும். ஒரு பக்கம் பணக் கணக்கு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இந்த நாவலில் கடன் பெரிய பாத்திரம், எண்கள் புரியாவிட்டால் அந்தக் கடனின் பயங்கரம் பாதி உறைக்காது. கீழே கால வரிசை: கதை நடப்பது 1829-லிருந்து 1832 வரை, 1830-ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் மறைவு, 1832-ல் வாக்குரிமையை விரித்த சீர்திருத்தச் சட்டம். எழுதியது நாற்பது ஆண்டு கழித்து. அதாவது அன்றைய வாசகருக்கு முடிவு தெரியும், ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. மறுபக்கம் மருத்துவர் படிநிலை: ஃபிசிஷியன் மேலே, சர்ஜன் அடுத்து, மருந்து கலந்து கொடுக்கும் அப்பாதிக்கரி கீழே. இது தெரியாமல் லிட்கேட் மீது உள்ளூர் டாக்டர்களுக்கு ஏன் அத்தனை வயிற்றெரிச்சல் என்பது பிடிபடாது. பெயர்ப் பட்டியலை நான் தரமாட்டேன். அவரவர் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதினால்தான் நிற்கும்.

கூட்டத்தில் செய்ய இரண்டு காரியம் மட்டும் வைத்திருக்கிறேன். ஒன்று, ஆளுக்கொரு பத்தியைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது. எழுதிக்கொண்டு வரக்கூடாது, அங்கேயே வாய்விட்டு. யாருக்குப் புரிந்தது, யார் தலையாட்டினார் என்பது அரை நிமிஷத்தில் வெளிப்படும். ஊர் வம்பு பேசும் இடங்கள் தமிழில் தண்ணீர் மாதிரி ஓடும். எலியட் தத்துவம் பேசும் இடங்களில் நாக்கு கட்டிக்கொள்ளும், அங்கேதான் ஐந்து பேர் தேவை.

இரண்டாவது, 17-வது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டு ஓட்டுப் போடுவது. மருத்துவமனைக்குச் சம்பளத்தோடு ஒரு பாதிரியாரை நியமிக்க வேண்டும். ஃபேர்பிரதர் நல்ல மனிதர், சீட்டாடுவார், பணமுடை. எதிரில் டைக், பக்திமான், செல்வாக்குள்ள வங்கிக்காரரின் ஆள். லிட்கேட்டின் வளர்ச்சி அந்த வங்கிக்காரர் கையில். லிட்கேட் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று ஊகிக்கச் சொல்லப்போவதில்லை. நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் யாருக்குப் போடுவீர்கள், ரகசியமாகச் சீட்டு எழுதி டப்பாவில் போடுங்கள் என்பேன். 18-ஐ அடுத்த கூட்டத்தில் படித்த பிறகு டப்பாவைத் திறப்போம்.

ஒருவருக்கு இன்னும் டிக்கன்ஸ் மனக்குறை இருக்கிறது. அவர் 19 மாதத் திட்டத்தை வீட்டில் மனைவியோடு தொடங்குகிறார், மாதம் ஓர் இதழ், ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்க. இரண்டு பேர் என்றால் யாரும் முந்த முடியாது, நல்ல யோசனை. மற்றபடி முடிவு 'மிடில்மார்ச்'. ஜூன் முதல் கூட்டத்துக்கு 'பிரிலூட்' மட்டும். இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறுக்கு ஒன்று முதல் ஆறு.

முன்பு பதினொன்றில் நின்ற தம்பி நேற்றிரவு செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணே, இப்பவே அஞ்சாவது அத்தியாயம் வந்துட்டேன், தப்பில்லையே?" தப்பில்லை என்று எழுதினேன். ஐந்தின் தொடக்கத்தில் கசாபன் டொரோத்தியாவுக்கு எழுதும் கல்யாணக் கடிதம் இருக்கிறதே, அதைத் தமிழில் சொல்லும் வேலை உனக்குத்தான் என்றும் எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "அது பொண்ணு கேட்டு எழுதின கடிதமாண்ணே? நான் ஏதோ தாலுகா ஆபீஸ் மனுன்னு நினைச்சேன்."